பட்டுப்புழுவுக்கு வீட்டிலேயே விதை எடுக்கலாமா?

போன மாசம் சென்னையிலிருந்து என் தம்பி மகன் போன் பண்ணினான். "பெரியப்பா, உங்ககிட்ட பட்டுப்புழு இருக்கா?" அவன் கண்ணாடிப் பெட்டியில் ஆஸ்திரேலியா ஓணான் ஒன்று வளர்க்கிறான். கழுத்தில் தாடி மாதிரி முள் இருக்கும். அதுக்குப் பட்டுப்புழு நல்ல தீனியாம். யோசிச்சா சரிதான். மெத்தென்று இருக்கும், ஓடாது, கடிக்காது. ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷன் கையிலேயே வளர்ந்து, தப்பிக்கவே மறந்துபோன பூச்சி அது. பூச்சியானபின் இறக்கை இருக்கும், ஆனா பறக்காது.

"நாலு கூடு குடுங்க போதும். பூச்சியாகி முட்டை போட்டா அப்புறம் நானே வளர்த்துக்குவேன்" என்றான். வேண்டாம்ப்பா என்றேன். ஏன் என்று போனில் சொல்லி முடியலை. அது நூற்றறுபது வருஷக் கதை.

எங்க ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில். இங்கே மல்லாட்டைதான் பழைய வெள்ளாமை. பட்டணத்துக்காரங்க நிலக்கடலை என்பீங்க. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த டி.எம்.வி. திண்டிவனம்தான், இங்கே இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தில் வந்த ரகங்கள். எங்க அப்பா நல்ல காயாப் பொறுக்கி, தோலோட காயவெச்சு, அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைப்பார். விதைக்குக் கடைக்குப் போறதை அவமானமா நினைச்ச மனுஷன். அந்தப் புத்திதான் எனக்கும்.

2011-ல் ஒரு ஏக்கர் மல்பெரி வெச்சு, கொட்டகை போட்டு, புழு வளர்த்தேன். நாங்க நூறு முட்டை என்றால் நூறு தாய்ப்பூச்சி இட்டது என்று அர்த்தம். ஒரு பூச்சி 400, 500 முட்டை இடும். ஆக, நூறு முட்டைக்குச் சுமாராக 50,000 புழு. இரண்டு தொகுதி நல்லா வந்துச்சு. மூணாவதுக்கு எதுக்குக் காசு குடுத்து முட்டை வாங்கணும் என்று, சந்திரிகையில் மிஞ்சின கூடுகளை எடுத்துவெச்சேன். பூச்சி வந்தது, ஜோடி சேர்ந்தது, காகிதத்தில் முட்டை இட்டது. கொஞ்சம் முட்டை பொரிக்கவே இல்லை. மிச்சம் பத்து நாளில் பொரிச்சது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் புழு ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு அரிசி நீளம் என்று ஏறுக்குமாறா வளர்ந்தது. உடம்பில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. பாதிக்கு மேல் செத்துப்போச்சு. காசு குடுத்து வாங்கின அடுத்த தொகுதியும் அதே கொட்டகையில் போச்சு. வீட்டுக்காரம்மா கம்மல் அடகிலிருந்து மீள ஒரு வருஷம் ஆச்சு.

பார்க்க வந்த அதிகாரி பெப்ரைன் என்றார். பிரான்ஸ் நாட்டின் தெற்கே பேசுற பாஷையில் மிளகுக்கு வழங்குற சொல்லிலிருந்து வந்த பேராம். தாயிடமிருந்து முட்டை வழியாவே குஞ்சுக்குப் போற நோய். எச்சம் வழியா இலையில் பட்டு மற்ற புழுவுக்கும் தொத்தும்.

அந்த பிரான்ஸில் 1853-ல் 26,000 டன் கூடு விளைந்தது. 1865-ல் 4,000 டன். அந்த வருஷம்தான் லூயி பாஸ்டரை அங்கே அனுப்பினாங்க. அவர் அதுவரை பட்டுக்கூட்டைக் கையில் தொட்டது கிடையாது. ஃபாப்ர் என்ற பூச்சி அறிஞர் வீட்டில் ஒரு கூட்டை வாங்கிக் காதருகே ஆட்டி, உள்ளே ஏதோ இருக்கே என்று ஆச்சரியப்பட்டாராம். அப்பேர்ப்பட்டவர் ஆலஸ் என்ற ஊரில் வருஷா வருஷம் போய்த் தங்கிப் புழு வளர்த்தார். அந்த நேரத்தில் அப்பா போனார், இரண்டு பெண்குழந்தைகள் போச்சு, 1868-ல் அவருக்கே பக்கவாதம். படுத்தபடியும் வேலையை விடலை.

கண்டுபிடிச்சது ரொம்ப சாதாரண வழி. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியா முட்டையிட விடு. அப்புறம் தாயைச் சொட்டுத் தண்ணியில் அரைச்சு நுண்ணோக்கியில் பார். கிருமி இருந்தா அந்த முட்டையைக் கொளுத்து. இன்னிக்கும் வித்தகத்தில் இதுதான் நடக்குது. முட்டை நல்லதா என்று முட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, தாயைத்தான் கேட்கணும்.

நம்ம பக்கம் திப்பு சுல்தான் காலத்தில் மைசூரில் பட்டு வளர்ப்பு வேர் பிடிச்சது. சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு என்றால் கொள்ளேகால். அப்போ அது கோயமுத்தூர் ஜில்லா. 1956-ல் மைசூரோடு போயிருச்சு. பிறகு நமக்கு ஓசூர், தர்மபுரி பக்கம் பெருகியது. எங்க மாவட்டத்தில் எல்லாம் ரொம்பப் பின்னாடி. எங்கே வளர்த்தாலும் விவசாயி வேலை இலையும் புழுவும். முட்டை வேலை நுண்ணோக்கி வெச்சிருக்கிறவங்களுது. இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடுதான். அப்பா இருந்தா சண்டை போட்டிருப்பார். ஆனா மல்லாட்டையில் சொத்தைக் காய் கண்ணுக்குத் தெரியும், இதில் தெரியாது.

பையனுக்கு அந்த நாலு கூட்டுக்குப் பதில், மூணாம் தோல் உரிச்ச புழு ஐம்பது எண்ணி அட்டைப் பெட்டியில் குடுத்தேன், ஒரு பை இலையும். மருந்து அடிச்ச தோட்டத்து இலையைப் போடாதே, ஈர இலை போடாதே, தீர்ந்தா திரும்ப வந்து வாங்கிக்கோ என்றேன். கூடு கட்டிட்டா மட்டும் இங்கே திருப்பிக் கொண்டாந்துடாதே என்றும் சொன்னேன். வெளியே போன புழு என் கொட்டகைக்குள் வராது.

பையன் பஸ் ஏறினதும் வீட்டுக்காரம்மா கேட்டாங்க, "காசு வாங்கினீங்களா?"