லண்டனில் இருந்த கல்லாப்பெட்டி

பழைய அஞ்சல்தலைகளைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களின் அஞ்சல்தலையோ, கூட்டு மலாய் மாநிலங்களின் புலிப்படம் போட்ட அஞ்சல்தலையோ கைக்கு வந்தால், அதை உடனே திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தாளுக்குள் மங்கலாக ஒரு கிரீடம் தெரியும். அதன் கீழே இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1882க்கு முந்திய தாளில் ‘சி.சி.’ என்றும் பிந்திய தாள்களில் ‘சி.ஏ.’ என்றும் இருப்பது வழக்கம். அஞ்சல்தலையின் விலையைச் சொல்ல அந்த எழுத்துகள் உதவும். ஆனால் அவை யாருடைய பெயர் என்று கேட்டால், சேகரிப்பாளர்களிலேயே பலர் சற்று யோசிப்பார்கள்.

‘சி.ஏ.’ என்பது கிரவுன் ஏஜண்ட்ஸ், அதாவது பிரிட்டிஷ் முடியரசின் முகவர்கள். மலாயாவுக்கு அஞ்சல்தலை அச்சடிக்க ஏற்பாடு செய்தது மட்டும் அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. தண்டவாளம், ரயில் எஞ்சின், பாலத்துக்கான இரும்பு என்று அரசாங்கத்துக்குத் தேவையான பொருள்களை லண்டனில் வாங்கிக் கப்பலில் ஏற்றியவர்கள் அவர்கள். குடியேற்ற நாடுகளுக்குக் கடன் திரட்டிக் கொடுத்தார்கள். பொறியாளர்களைத் தேடிப் பிடித்துக் கப்பல் சீட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இந்த அமைப்பு 1833இல் தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு குடியேற்ற நாடும் லண்டனில் தனக்கென்று ஒரு முகவரை வைத்திருந்தது. செலவைக் குறைக்க அந்தப் பொறுப்புகள் ஒன்றாக்கப்பட்டு இரண்டே பேரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1863இல் ‘கிரவுன் ஏஜண்ட்ஸ்’ என்ற பெயர் வந்தது. 1867 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்திய ஆட்சியின் பிடியிலிருந்து விலகி நேரடிக் குடியேற்ற நாடாக மாறியபோது, அவற்றின் கொள்முதலும் இந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வினோதம் இருந்தது. முகவர்களை நியமித்தவர் பிரிட்டிஷ் அமைச்சர். ஆனால் அலுவலகச் செலவுக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு காசும் ஒதுக்கவில்லை. வாங்கிய பொருளுக்குத் தரகு, திரட்டிய கடனுக்குத் தரகு என்று குடியேற்ற நாடுகள் கொடுத்த பணத்தில்தான் அலுவலகம் ஓடியது. அது அரசாங்கத் துறையா, தனியார் நிறுவனமா என்று கேட்டால் தெளிவான பதில் கிடையாது. அதன் அதிகாரத்தையும் பொறுப்பையும் வரையறுக்கும் சட்டம் ஒன்றுகூட 1979 வரை இயற்றப்படவில்லை. உள்ளூர் வணிகர்களுக்கோ வேறு ஆதங்கம். அரசாங்கம் எதை வாங்கினாலும் லண்டன் வழியாகவே வாங்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். இப்படிப்பட்ட புகார்கள் குவிந்ததால் 1908இல் ஒரு விசாரணைக் குழுவே அமைக்க வேண்டி வந்தது.

மலாயாவின் கதையில் கொள்முதலை விட முக்கியமானது பண விவகாரம். 1906இல் ஒரு நீரிணை வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பு நிர்ணயிக்கப்பட்டது. அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். இந்தக் கணக்கு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டுமானால், இங்கே புழங்கும் நோட்டுக்கு ஈடாக லண்டனில் பவுன் சொத்து இருந்தாக வேண்டும். நாணய வாரியத்தின் அந்தச் சொத்து லண்டனில் கிரவுன் ஏஜண்ட்ஸ் கையில் இருந்தது. அதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் அரசாங்கக் கடன் பத்திரங்களில் போடப்பட்டது. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டப் போன தமிழரின் கையில் மாதக் கடைசியில் விழுந்த நோட்டுக்கும் ஈடு அங்கேதான் இருந்தது. ரப்பரும் ஈயமும் போருக்குப் பிறகு அமெரிக்க டாலரை அள்ளிக் கொண்டுவந்த காலத்தில், அந்தச் சேமிப்பு பிரிட்டனுக்கு எத்தனை வசதியாக இருந்தது என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சுதந்திரம் வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. 1959இல் நெகாரா வங்கி பிறந்தது. 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. பழைய நோட்டுகளும் கூடவே செல்லுபடியாகி வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய நாணயம் தப்பித்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டுண்டிருந்ததால் கூடவே விழுந்தது. நேற்று வரை ஒரு வெள்ளியாக இருந்தது இன்று 85 காசு! வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களை விட, அலமாரியிலும் தகர டப்பாவிலும் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளே இதில் அதிகம் அடிபட்டார்கள். நவம்பர் 24ஆம் தேதி பினாங்கில் தொழிற்கட்சி நடத்திய கடையடைப்பு கலவரமாக வெடித்து உயிர்களையும் பலி வாங்கியது.

அதே 1967இல் லண்டன் மில்பேங்க் அலுவலகத்தில் வேறொரு கவலை இருந்தது. சுதந்திரம் பெற்ற நாடுகள் சொந்த மத்திய வங்கி அமைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால், தரகை நம்பியிருக்கும் அலுவலகம் என்ன செய்யும்? கையிருப்பும் சொற்பம். ஆகவே சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் சேர்ப்பது என்று முடிவாயிற்று. வாடிக்கையாளர் நாடுகள் போட்டுவைத்த பணத்தையும், சந்தையில் குறுகிய காலத்துக்கு வாங்கிய கடனையும், நிலம், கட்டட வியாபாரிகளுக்கும் சிறு நிதி நிறுவனங்களுக்கும் நீண்ட காலக் கடனாகக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய நிலத்தில்கூடப் பணம் போடப்பட்டது. ‘கிரவுன்’ என்ற பெயரைப் பார்த்தவர்கள், பின்னால் பிரிட்டிஷ் அரசாங்கமே நிற்கிறது என்று நம்பித் தயங்காமல் கடன் கொடுத்தார்கள். சொந்த முதல் இல்லாதவருக்கு நல்ல பெயரே முதல் என்பது அப்போது நிரூபணமானது.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1972இல் சர் மேத்யூ ஸ்டீவன்சன் தலைமையிலான குழு அரசாங்கத்திடம் அறிக்கை கொடுத்தது. ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. அமைச்சு, கருவூலம், இங்கிலாந்து வங்கி என மூன்று இடங்கள் இருந்தும், கடிவாளத்தைப் பிடிக்க வேண்டியவர் யார் என்பதில் தெளிவில்லாமலே காலம் போயிற்று. 1973 இறுதியில் வட்டி ஏறியது, நிலத்தின் விலை சரிந்தது. சிறு நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. 1974 மே மாதம் ஸ்டெர்ன் என்ற சொத்து நிறுவனக் குழுமம் விழுந்தபோது கிரவுன் ஏஜண்ட்ஸ் கொடுத்திருந்த கடனில் மட்டும் ஏறத்தாழ 40 மில்லியன் பவுன் சிக்கிக்கொண்டது. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் 85 மில்லியன் பவுனை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மொத்த நட்டம் 200 மில்லியன் பவுனைத் தாண்டியது. பணம் போட்டிருந்த நாடுகளுக்கு இழப்பில்லை. பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணம் அதைச் சுமந்தது. நீதிபதி எட்கர் ஃபே குழுவின் அறிக்கை 1977இல் வந்தது. பிறகு அமைக்கப்பட்ட தீர்ப்பாயம் 1982இல் தன் அறிக்கையைக் கொடுத்து, பொறுப்பில் இருந்தவர்கள் பலரைக் கண்டித்தது. இடையில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அமைப்புக்கு முதன்முறையாக எழுத்துபூர்வமான வரம்பு போட்டது. 146 ஆண்டுகள் கழித்து!

அடுத்த அடி நம் பக்கத்து வீட்டிலிருந்து போனது. முழு விடுதலைக்குத் தயாராகிக் கொண்டிருந்த புருணை, 1983இல் ஏறத்தாழ 3.5 பில்லியன் பவுன் மதிப்புள்ள தன் சேமிப்பை கிரவுன் ஏஜண்ட்ஸ் நிர்வாகத்திலிருந்து எடுத்து, சொந்தமாக முதலீட்டு நிறுவனம் அமைத்துக்கொண்டது. அதை நிர்வகித்துக் கிடைத்துவந்த கட்டணமும் அதோடு போயிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் பணத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கி அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலுவலகம் மூடப்படவில்லை. 1997 மார்ச்சில் அது அரசாங்கத்தின் கையிலிருந்து லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளைக்கு மாறியது. அதே ஆண்டு தொட்டு 2006 வரை, உள்நாட்டுப் போரால் நொடிந்திருந்த மொசாம்பிக்கின் சுங்கத் துறையை நடத்தியதும், 2001இலிருந்து அங்கோலாவின் சுங்கத் துறையைச் சீரமைத்ததும் இந்த அமைப்புதான். முன்னொரு காலத்தில் குடியேற்ற நாடுகளுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்த கை, 2015க்குப் பிறகு உக்ரேன் சுகாதார அமைச்சுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது. லஞ்சம் புகுந்துவிட்ட உள்நாட்டுக் கொள்முதலை நம்ப முடியாமல் அந்த அரசாங்கமே வெளியாரிடம் கொடுத்த வேலை அது. வங்கிப் பிரிவு 2016இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2023 ஜூலையில் அந்த வங்கியின் தாய் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. அதன் பெயர் சி.ஏ.பி. பேமெண்ட்ஸ். அஞ்சல்தலைத் தாளில் இருந்த அதே இரண்டு எழுத்துகள் அதன் முதலிலும் நிற்கின்றன.