சினைப்பை: தீங்கற்ற கட்டி அகற்றலும் புற்றுநோய் அபாயமும்

சினைப்பையிலிருந்து புற்றுத்தன்மையற்ற கட்டி அகற்றப்பட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பை இப்பதிவு விளக்குகிறது.

வகைகள்: சீரஸ் மற்றும் மியூசினஸ் நீர்க்கட்டிகள், முடியும் பல்லும் காணப்படக்கூடிய டெர்மாய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதால்) உண்டாகும் ‘சாக்லேட்’ கட்டி ஆகியவை முக்கியமானவை.

அபாயம்: பெரும்பாலோருக்கு அபாயம் குறைவே. டெர்மாய்டு கட்டிகளில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு புற்றாக மாறலாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குத் தெளிசெல், எண்டோமெட்ரியாய்டு வகைச் சினைப்பைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுப் பிறழ்வுகள் எண்டோமெட்ரியோசிஸைவிட வலுவான காரணிகள். ஆஸ்பெஸ்டாஸும் சினைப்பைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

அறுவையும் கண்காணிப்பும்: கட்டி மட்டும் எடுக்கப்பட்டால் எஞ்சிய திசுவில் புதுக் கட்டி தோன்றலாம். தீவிரச் சீரஸ் புற்று பல வேளைகளில் கருக்குழாயின் நுனியில் தொடங்குவதால், சினைப்பையை மட்டும் நீக்குவது முழுப் பாதுகாப்பாகாது. அகற்றிய கட்டி ஃபார்மலினில் இடப்பட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். அதன் அறிக்கையே தொடர் கண்காணிப்பைத் தீர்மானிக்கும். அறிகுறியற்ற பெண்களுக்கு சிஏ-125 (புற்றுக் குறியீட்டுப் புரதம்) இரத்தப் பரிசோதனை வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் தொடர்புடைய மருத்துவ நிறுவனங்கள்: சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது, அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவானது. திருவள்ளூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.