உருளைக்கு ஒரு சுருள்: தீப்பொறி வரலாற்றில் ஒரு மீள்வருகை

பெற்றோல் எஞ்சினின் வரலாறு பெரும்பாலும் உருளையினதும் முசலத்தினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உரிய கணத்தில் உரிய உருளையில் தீப்பொறி எவ்வாறு தோற்றுவிக்கப்பட்டது என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. இன்று உயர்வலு எஞ்சின்களில் தீப்பொறிச் செருகி ஒவ்வொன்றின் தலைமீதும் தனித்தனியே ஒரு சுருள் அமர்த்தப்படுகின்றது. பழைய எஞ்சின்களையும் இம்முறைக்கு மாற்றியமைப்போர் உளர். இதனை அண்மைக்காலப் புதுமையெனக் கொள்வோர் பலர். ஆயின், ஒருகாலத்தில் கைவிடப்பட்ட முறையொன்று, அதனைக் கைவிடச் செய்த காரணம் நீங்கியதும் திரும்பி வந்த கதையே இது.

1831இல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். 1860இல் லெனுவார் அமைத்த வாயு எஞ்சினிலேயே மின்கலவடுக்கும் தூண்டற்சுருளும் தீப்பொறியைத் தந்தன. டைம்லர் செஞ்சூடான குழாயை நம்பினார். பென்ஸ் மின்பொறியை நாடினார். பொஷ் நிறுவனத்தில் பணியாற்றிய ஹொனோல்ட் 1902இல் உயரழுத்த மக்னீற்றோவை உருவாக்கினார்.

1908இல் வெளிவந்த போர்ட் 'ரி' வகைக் காரே இங்கு கூர்ந்து நோக்கற்பாலது. அதன் நான்கு உருளைகளுக்கும் நான்கு சுருள்கள் இருந்தன. மரப்பெட்டியில் அடைக்கப்பட்ட ஒவ்வொரு சுருளின் மேலும் அதிரும் தொடுகை ஒன்று உண்டு. எஞ்சினின் முன்புறத்திலிருந்த சுழலும் ஆளி, முறைவரும் சுருளுக்கு மின்னோட்டத்தை விடும். உடனே தொடுகை அதிர்ந்து தீப்பொறிகளைத் தொடராக எழுப்பும். குறைபாடும் இவ்விடத்திலேயே இருந்தது. முதற்பொறி எக்கணத்தில் எழும் என்பதை அந்தந்தத் தொடுகையின் இழுவிசை தீர்மானித்தது. ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் அதற்குரிய உருளை பிந்தி எரியும். நான்கையும் ஒன்றுபோல் செப்பஞ்செய்வது எளிய காரியமன்று.

அமெரிக்கரான கெற்றரிங் 1910ஆம் ஆண்டுக் கடிலாக் காருக்கென அமைத்த முறை இச்சிக்கலை வெட்டியெறிந்தது. சுருள் ஒன்று, அதன் மின்னோட்டத்தை அறுக்கும் தொடுகை ஒன்று, எழும் உயரழுத்தத்தைச் செருகிகளுக்கு முறையே பகிர்ந்தளிக்கும் டிஸ்ரிபியூற்றர் ஒன்று. எல்லா உருளைகளுக்கும் ஒரே தொடுகை நேரங்குறித்தமையால் அவற்றிடையே ஒழுங்கு நிலவியது. போர்ட் நிறுவனமும் 1927இல் 'ஏ' வகைக் காரை வெளியிட்டபோது இம்முறைக்கே மாறியது.

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நிலவிய அவ்வாட்சிக்கு எல்லை வகுத்தது எளிய கணக்கொன்றே. ஆறு உருளைகள் கொண்ட நான்கடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 8000 முறை சுழலுமாயின், செக்கனுக்கு 400 தீப்பொறிகள் வேண்டும். ஒற்றைச் சுருளாயின் இரு பொறிகளுக்கிடையே அதற்குக் கிடைப்பது 2.5 மில்லிசெக்கன் மட்டுமே. காந்தப்புலம் நிறைவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். ஆறு சுருள்கள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் 15 மில்லிசெக்கன் கிடைக்கும். டர்போ அழுத்தி பூட்டிய எஞ்சின்களிலோ இடர் இருமடியாகும்: உருளையினுள் வாயுவின் அடர்த்தி மிகமிக, செருகியின் இடைவெளியைத் தாண்டுவதற்கு மேலும் உயர்ந்த அழுத்தம் தேவைப்படும். 1973இல் கிறைஸ்லர் தன் கார்களில் பொதுவாகப் புகுத்திய திரான்சிற்றர் முறை தொடுகையின் தேய்வைப் போக்கியது. ஒற்றைச் சுருளின் நேரப்பஞ்சத்தைப் போக்கவில்லை.

சுழற்றித் தண்டின் நிலையை உணரியால் அறிந்து, கணந்தவறாது கட்டளையிடும் கணினி வந்த பின்னரே பழைய முறை மீண்டது. 1988இல் சுவீடனின் சாப் 9000 காரில் சுருள்கள் செருகிகளின் மீதே அமர்ந்தன. 1989இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜீ.ரி.ஆரின் 2.6 லீற்றர் இரட்டை டர்போ எஞ்சினிலும் ஆறு செருகிகளுக்கு ஆறு சுருள்கள். அதிரும் தொடுகைகளை ஒத்திசையச் செய்யும் தொல்லை இப்போது இல்லை.

ஆயினும் தொல்லை முற்றாக ஒழிந்ததெனல் பொருந்தாது. அது கம்பியிணைப்புக்கு இடம்பெயர்ந்தது. டிஸ்ரிபியூற்றரை அகற்றி இம்முறைக்கு மாற்றுவோர் இதனை நன்கறிவர். திரான்சிற்றரைத் தன்னுள்ளே கொண்ட சுருள்களிற் பலவற்றுக்கு நான்கு கம்பிகள்: ரிலேயும் உருகியும் வழியாக வரும் 12 வோல்ற்று, கணினியின் கட்டளை, இரு புவித்தொடுப்புகள். பின்னவற்றுள் ஒன்று உருளைத்தலையிற் பொருத்தப்படும், மற்றையது கணினிக்குரியது. இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டால், பொறியின் மின்னிரைச்சல் உணரியின் குறிப்பிற் கலந்து பொய்க்கணத்தில் பொறியெழுப்பக்கூடும். சில கணினிகளின் வெளியீடுகள் உருளை எண்படியன்றி எரியும் ஒழுங்கின்படி எண்ணிடப்பட்டுள்ளன. நேர்வரிசை ஆறுருளை எஞ்சினில் அவ்வொழுங்கு 1-5-3-6-2-4 ஆதலின், இரண்டாம் வெளியீடு ஐந்தாம் உருளைக்கே செல்லவேண்டும். எண்ணை மட்டும் நோக்கி இணைப்பின் கலவை காலந்தவறி எரிந்து, முசலத்தையே சிதைத்துவிடவுங்கூடும். வால்வுத் தண்டின் நிலையைக் காட்டும் உணரி இல்லாதவிடத்துச் சுருள்களை 1-6, 5-2, 3-4 எனச் சோடி சேர்ப்பர். சோடியின் ஒரு பொறி எரிக்கும், மற்றையது வெளியேறும் புகையில் வீணாகும். 1948இல் அறிமுகமான சித்ரோயன் 2சீவீ காரின் ஈருருளை எஞ்சினும் டிஸ்ரிபியூற்றர் இன்றி இவ்வாறே ஓடியது.