படுவான்கரை

மட்டக்களப்பு வாவியின் மேல்கரையிலே, வயல்வெளிகளின் நடுவே அமைந்த சிற்றூராகிய கொக்கட்டிச்சோலையின் பூர்வ சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அவ்வூர் அடங்கிய பிரதேசத்தின் பெயராகிய 'படுவான்கரை' என்பதையே முதலிற் கருதவேண்டும் என்பது என் துணிபு.

ஞாயிறு எழும் வானின் பக்கத்துக் கரை எழுவான்கரை. படும் வானின் பக்கத்தது படுவான்கரை. அஸ்தமித்தல் என்ற பொருளில் 'படு' என்னும் வினை மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் நெய்தலுக்குரிய பொழுதை 'எற்பாடு' என்றார். மலையாளத்தார் மேற்றிசையைப் 'படிஞ்ஞாறு' என்பதும் படுஞாயிற்றின் திரிபே. ஈழத்துத் தாய்மாரோ இன்றும் பிள்ளைகளைப் "பொழுதுபட முந்தி வீட்டுக்கு வா" என்றே அழைக்கின்றனர்.

இத்தகைய பெயரீடு பிறநாட்டிலும் உண்டு. இத்தாலி தேசத்து ஜெனோவா நகரின் இருபுறமும் நீண்டு கிடக்கும் கடற்கரையை அந்நாட்டார் லெவாந்தே, பொனெந்தே எனப் பிரித்து வழங்குவர். முன்னது உதயத்தையும் பின்னது அஸ்தமனத்தையும் சுட்டும். அங்கே நகரம் நடுவாய் நின்றது. இங்கே நடுவாய் நின்றது நீர். அக்கரை, இக்கரை என்று ஒருபுறம் சாய்ந்து நில்லாமல் சூரியனைச் சாட்சியாக வைத்துப் பெயரிட்டவர்கள், இருகரைக்கும் உரியவராய் நாளும் வாவியைக் கடந்தவர்களே எனக் கொள்வது பொருந்தும்.

அவர்கள் கடந்ததற்குக் காரணம் நெல். எழுவான்கரை மணற்பாங்கானது, தென்னையும் மீன்பிடியும் நெருங்கிய குடியிருப்பும் அதன் இயல்பு. 'வட்டை' எனப்படும் வயற்பரப்பும் மாட்டுப்பட்டியும் படுவான்கரைக்கு உரியன. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த 'போடியார்' என்னும் நிலக்கிழார் பலர், மாரி விதைப்புக்கும் அறுவடைக்கும் தோணியிலோ, ஆளையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றும் 'பாதை' என்ற மிதவையிலோ சென்றுவந்தனர். நீரின்மேல் மிதந்து செல்வதற்கே பாதை என்று பெயரிட்ட அம்மக்களின் சொல்வன்மை வியக்கத்தக்கது.

கொக்கட்டிச்சோலையிலே கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடனொருவன் இரத்தம் பெருகக் கண்டு அஞ்சினான் என்றும், அங்கே தோன்றிய லிங்கத்துக்கு மண்முனையை ஆண்ட உலகநாச்சி ஆலயம் எடுப்பித்தாள் என்றும் ஐதீகம் கூறும். மட்டக்களப்பு மான்மியம் போற்றும் அவ்வரசியின் காலத்தை வரையறுப்பது அரிதெனினும், காடு வயலாகிய மத்தியகாலக் குடியேற்றத்தின் நினைவு அக்கதையில் உறைந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

2014இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு அத்துறையின் பாதை ஓய்ந்தது. அரசாங்க ஏடுகளில் கொக்கட்டிச்சோலைப் பகுதி 'மண்முனை தென்மேற்கு' எனப் பதியப்பட்டிருப்பினும், பாலத்தைக் கடக்கும் உழவர் தாம் படுவான்கரைக்குப் போவதாகவே சொல்கின்றனர்.