முடியுதிர்வும் வேலைச் சட்டமும்

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் பெங்களூரின் தெற்கு விளிம்பில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. அங்கு வளர்ந்த மென்பொருள் துறையில் திறனே தகுதி என்பர். ஆயினும் புழுவெட்டால் முடியிழந்தவர், நேர்காணலில் திறனுக்கு முன் தோற்றத்துக்கு விளக்கம் சொல்ல நேரலாம்.

அவருக்குச் சட்டத்துணை உண்டா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அமிலவீச்சால் உருச்சிதைந்தோரும் அதில் அடங்குவர். தோற்றமும் தடையாகலாம் என்பதைச் சட்டம் ஏற்ற இடம் அது. முடியிழப்பு அப்பட்டியலில் இல்லை.

இங்கிலாந்தில் 2022இல் ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் வேறுவழி கண்டது. வழுக்கை பெரும்பாலும் ஆண்களுக்கே நேர்வது. ஆகவே அதைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவது பாலினம் சார்ந்த துன்புறுத்தல் என்றது. புழுவெட்டோ இருபாலார்க்கும் வருவது. முடியிழந்த பெண்ணுக்கு அந்த வாதம் பொருந்தாது.

பட்டியலும் பாலினமும் கைவிடும் இடத்தில், பணிக்குத் தொடர்பற்ற தோற்றத்தைத் தேர்வில் எடைபோடலாகாது என்னும் பொதுவிதியே தேவைப்படுகிறது.