பகிரப்பட்ட கொடிவழி: பாளையக்காரர் வம்சாவளிகளின் படிகளும் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பாளையக்காரர் குடும்பங்கள் தம் முன்னோர் வரிசையை வம்சாவளி என்னும் பெயரில் எழுதி வைத்தன. அவற்றுள் இன்று ஆய்வாளர் எடுத்தாள்பவை பெரும்பாலும் குடும்பத்திற்கு வெளியே கொடுக்கப்பட்ட படிகளே. கொடிவழியைப் பலரிடம் பகிர்வது அதன் அழிவைத் தடுக்கிறது; ஆயினும் ஒவ்வொரு படியும் எவருக்காக, எந்நோக்கில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துக் காத்தாலன்றி அப்பாதுகாப்பு நிறைவுறாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வம்சாவளி, கொடிவழி, மெக்கன்சி தொகுப்பு, படியெடுத்தல், சிவகங்கை ஜமீன்

முன்னுரை

ஓலைச்சுவடியின் ஆயுள் வரம்புடையது. ஈரம், செல், நெருப்பு ஆகியவற்றுடன் மனிதரின் கவனக்குறைவும் அதனை அழிக்கும். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றி உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். இலக்கியச் சுவடிகளேனும் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் பல படிகளாக வழங்கின. ஒரு குடும்பத்தின் கொடிவழிக்கு அத்தகைய வாசகர் வட்டம் இல்லை. அது உறவினர்க்குள்ளேயே வழங்குவது. ஒரே பெட்டியில் இருப்பின் அப்பெட்டியோடு அழிவது. இந்நிலையில் வம்சாவளிகள் எவ்வாறு எஞ்சின என்னும் வினா எழுகிறது.

வெளியே சென்ற படிகள்

1783இல் சென்னைக்கு வந்த காலின் மெக்கன்சி, நில அளவைப் பணியோடு தென்னிந்திய வரலாற்றுச் சான்றுகளையும் திரட்டினார். காவலி வேங்கட போரய்யா, அவர்தம் தம்பி இலட்சுமய்யா உள்ளிட்ட உதவியாளர்கள் ஊர்தோறும் சென்று கைபீதுகளையும் வம்சாவளிகளையும் பெற்றனர். 1821இல் மெக்கன்சி இறந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. எச். எச். வில்சன் 1828இல் அதற்கு விளக்க அட்டவணை வெளியிட்டார். பின்னர் வில்லியம் டெய்லர், சிதைந்துவந்த சுவடிகளை ஆராய்ந்து அவற்றுட் பலவற்றை மீண்டும் படியெடுக்கச் செய்தார். தமிழ்ப் பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, குடும்பம் தன்னிடம் வைத்துக்கொண்டதைவிட பிறர்க்குக் கொடுத்ததே நெடுங்காலம் நிலைக்கக்கூடும். இரண்டாவது, படியெடுத்தல் ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. அரசின் காவலில் இருந்த தொகுப்புக்கே சில பத்தாண்டுகளில் மறுபடி தேவைப்பட்டது.

படியின் நோக்கம்

வம்சாவளிகளின் அமைப்பில் ஒரு பொதுமை காணப்படுகிறது. முன்னோர் ஒருவரின் இடப்பெயர்வு, அவர்தம் வீரச்செயல், அரசர் வழங்கிய பட்டமும் நிலமும், அடுத்தடுத்துப் பட்டத்திற்கு வந்தோர் வரிசை என அவை விரியும். இவை தொகுக்கப்பட்ட காலமோ, பாளையங்கள் ஒடுக்கப்பட்டும் ஜமீன்களாக மாற்றப்பட்டும் வந்த காலம். அக்காலத்தில் கம்பெனி அதிகாரி ஒருவரிடம் தரப்பட்ட வம்சாவளி, முன்னோர் நினைவாக மட்டுமன்றி உரிமை விண்ணப்பமாகவும் அமைந்தது எனக் கருத இடமுண்டு. பட்டத்திற்கு வந்தோரே அதன் நடுவில் நிற்பர்; இளையோர் கிளைகளும் மகள்வழியும் எளிதில் மறையும்.

இம்மறைவின் விளைவைச் சிவகங்கை வழக்கு உணர்த்துகிறது. 1801இல் கம்பெனியால் ஜமீன்தாராக அமர்த்தப்பட்ட கௌரி வல்லபத் தேவர் 1829இல் மறைந்தார். அவருக்கு முன்பே இறந்த தமையன் ஒய்யாத் தேவரின் மக்கள், குடும்பம் பிரியாதது என்று கூறி ஜமீனைக் கோரினர். எதிர்த்தரப்பில் முதலில் கௌரி வல்லபரின் மனைவியருள் ஒருவரும் பின்னர் மகள் காத்தம நாச்சியாரும் வழக்காடினர். 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகளின் பக்கம் தீர்ப்பளித்தது. குடும்பம் பிரியாததாயினும் ஒருவர் தனியே பெற்ற சொத்து, ஆண்மக்கள் இல்லாதபோது அவர்தம் மனைவியருக்கும் பின் மகளிருக்கும் சேரும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆண்களின் வரிசையை மட்டும் காட்டும் கொடிவழியில் காத்தம நாச்சியாருக்கு இடமே இராது. அவ்வரிசையை நூறு படிகள் எடுத்து நூறு இடங்களில் காத்தாலும் அவர் பெயர் கிடைத்திராது. பெருகிய படிகள் ஒரு விடுபாட்டையும் சேர்த்தே பெருக்கும்.

இன்றைய பொருத்தம்

இன்று உறவினர்கள் கொடிவழியைக் கணினிக் கோப்பாகப் பகிர்கின்றனர். 1984இல் அறிமுகமான கெட்காம் வடிவம், ஒரு மென்பொருளில் உருவாக்கியதை மற்றொன்றில் திறக்க உதவுகிறது. ஆயினும் பங்காளிகள் இருவரின் படிகளை ஒன்றாக்கும்போது, வேறுபடும் செய்திகளுள் ஒன்று அழிக்கப்படும் வாய்ப்பு உண்டு. சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் குறித்து வைப்பது போல, குடும்பமும் மாறுபட்ட செய்திகளைச் சொன்னவர் பெயர், நாள் ஆகியவற்றுடன் பேண வேண்டும். வெவ்வேறு ஊர்களில் வாழும் கிளைகளிடம், குறிப்பாக மகள்வழியினரிடம், தனித்தனிப் படிகள் இருத்தல் நன்று. வாழ்வோரின் தனிப்பட்ட விவரங்களைப் பொதுப்படியிலிருந்து நீக்குதலும் வேண்டும்.

முடிவுரை

வம்சாவளிகள் பகிரப்பட்டதால் எஞ்சின. ஆனால் பகிர்ந்தோரின் நோக்கத்தைத் தாங்கியே எஞ்சின. எனவே அவற்றைச் சான்றாகக் கொள்வோர், அவற்றில் உள்ள பெயர்களோடு அவற்றில் இடம்பெறாதோரையும் தேடுதல் வேண்டும். ஜமீன் வழக்குகளின் ஆவணங்களை வம்சாவளிப் படிகளோடு ஒப்பிட்டு ஆராய்வது அத்தேடலுக்கு வழிவகுக்கும்.