விட்டதும் விடாததும்

யூபிலி என்றதும் நமக்குத் தோரணமும் தேர்ப்பவனியும் ஆடம்பரப் பாடற்பூசையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது விடுதலையின் ஆண்டு. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் முழங்கும். அடிமைகள் தம் வீடு திரும்புவர். கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே மீளும் என்று லேவியராகமம் கூறுகின்றது. பிடித்து வைத்திருப்பதைக் கைநெகிழ விடுவதே யூபிலியின் உட்பொருள். ஆகவே, விசுவாசத்தில் நமக்கு முன்னோரானவர்களை இம்மலரில் போற்றும்போது, அவர்கள் எதை விட்டு வந்தார்கள், எதை விடாமல் வந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்தை நெருங்குமிடத்தில் நம் காளப்பநாயக்கன்பட்டி அமைந்துள்ளது. நாயக்கர் காலத்தின் சுவடு நம் ஊரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அந்நாளில் நமது பக்கத்து ஊரான சேந்தமங்கலத்தில், மதுரை நாயக்க மன்னருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசராக இராமச்சந்திர நாயக்கர் ஆண்டு வந்தார். 1623-ஆம் ஆண்டில் காவியுடுத்த துறவி ஒருவர் அவரிடம் வந்தார். தத்துவ போதக சுவாமிகள் என்று தமிழ் மக்கள் போற்றிய அத்துறவியே சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி.

உரோமை நகரில் உயர்குடியொன்றில் 1577-இல் பிறந்த அவர், 1606-இல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் அடிகளார் பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்திருந்த கிறிஸ்தவர்களுக்கு அவர் நல்ல மேய்ப்பராக இருந்தார். ஆயினும் உள்ளூர் மக்கள் திருச்சபையை நாடி வரவில்லை. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றே அவர்கள் எண்ணினர். தம் மொழியையும் உடையையும் உணவையும் உறவையும் உதறிவிட்டு அந்நியராகிவிட வேண்டும் என்று அஞ்சினர்.

இவ்வச்சத்தைப் போக்க, நொபிலி அடிகளார் முதலில் தம்முடையதையே விட்டார். ஐரோப்பிய அங்கியை விட்டுக் காவி பூண்டார். இறைச்சியையும் மதுவையும் விலக்கி, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவோடு நின்றார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். ஞானோபதேசத்தைத் தமிழிலேயே எழுதினார். வந்தவர்களிடம் அவர் கேட்டது பாவத்தையும் பொய்த் தெய்வ வழிபாட்டையும் விடுவதைத்தான்; தமிழராய் இருப்பதை விடும்படி அவர் கேட்கவில்லை. இதற்காக அவர் சொந்தச் சபையினரிடமே வசைகேட்க வேண்டியிருந்தது. 1610-இல் எழுந்த குற்றச்சாட்டு, 1619-இல் கோவையில் அன்று, கோவாவில் கூடிய ஆலோசனைச் சபை வரை சென்றது. இறுதியாக 1623 ஜனவரி 31-ஆம் நாள், பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் போன்றவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

அதே ஆண்டில்தான் சுவாமிகள் மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றபோதோ, தங்க இடம் கொடுப்பார் இல்லை. திறந்த சத்திரத்தில் கிடந்து நோயுற்றார். ஆனாலும் பின்வாங்கவில்லை. அந்நகரில் அவருடைய போதனை தொட்ட இதயங்களுள் ஒன்று திருமங்கல நாயக்கருடையது. இவர் சேலத்தை ஆண்டவருக்கு மூத்த சகோதரர். மூத்தவராயிருந்தும் தம்பியிடம் ஆட்சியுரிமையை இழந்தவர். 1625-இல் திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார்.

பறிகொடுத்தவனுக்கு முன்னே இரண்டு வழிகள் உண்டு. பழம்பெருமையை எண்ணி எண்ணிப் புழுங்குவது ஒன்று. புதியதொரு வாழ்வை நோக்கி எழுவது மற்றொன்று. ஞானஸ்நானத் தண்ணீர் எவருக்கும் அரியணையை மீட்டுத் தருவதில்லை. ஆனால் அரசனையும் ஆண்டியையும் ஒரே தந்தையின் பிள்ளைகளாக்குகின்றது. சேலம் நாட்டுத் திருச்சபையின் தொடக்கப் பக்கத்தில், பட்டத்தை இழந்த ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருப்பது நமக்கு நல்ல பாடமன்றோ?

ஆனால், அன்பர்களே, வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதி என்பது சமயக் கொள்கையன்று, சமுதாய வழக்கமே என்று கருதிய நொபிலி அடிகளார் அதை விடும்படி கேட்கவில்லை. உயர்ந்தோர் எனப்பட்டவர்களிடையே பணியாற்றிய துறவிகள், தாழ்ந்தோர் எனப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியாமற்போயிற்று. அக்குறையை நீக்க, 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற குருக்கள் புறப்பட்டனர். அவர்களுள் முதல்வர் பல்தசார் த கோஸ்தா அடிகளார். இதனால் நற்செய்தி எளியோரின் குடிசைகளுக்கும் சென்றது என்பது உண்மை. ஆயினும் ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் இருவேறு வரிசையில் நின்றதும் உண்மையே. பிற்காலத்தில் தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் தனி இடமும், கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதியும் ஏற்பட்டது இந்த விடாத பழமையால்தான்.

மொழி விஷயத்தில் தத்துவ போதகர் கண்ட கனவு இன்று நிறைவேறியுள்ளது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பின், பூசைப் பலியே நம் தாய்மொழியில் ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. விட வேண்டாததை நாம் காத்துக்கொண்டோம். விட வேண்டியதை விட்டோமா?

தலித் கிறிஸ்தவர்களின் துயரத்தை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்துவின் பெயரால் பழைய இழிவை விட்டுவிட்டதாக நம்பி வந்தவர்கள் அவர்கள். கோயிலுக்குள்ளும் அந்த இழிவு அவர்களைத் தொடர்ந்தது. அரசாங்கமோ, 1950-இல் பிறந்த குடியரசுத் தலைவரின் ஆணையால், அட்டவணைச் சாதியினருக்குரிய சலுகைகள் அவர்களுக்கு இல்லை என்றது. சீக்கியருக்கு 1956-லும், பௌத்தருக்கு 1990-லும் அவ்வாணை தளர்த்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் தளர்த்தப்படவில்லை. நீதி கேட்டு அரசின் வாசலில் நிற்கும் திருச்சபை, தன் வீட்டு வாசலையும் பெருக்க வேண்டாமா? பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் தம்மைக் காண வந்தபோது, சாதி வேற்றுமை திருச்சபையின் நற்செய்திப் பணிக்கே தடை என்று கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவையும் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், பின்னால் உள்ளதை மறந்து முன்னால் உள்ளதை நோக்கி ஓடுவதாகச் சொல்கின்றார். இச்சொற்களை நாம் பெரும்பாலும் பாவத்தையும் கவலையையும் மறப்பதற்கென்றே எடுத்துக்கொள்கின்றோம். ஆனால் சற்று முன்னே படித்துப் பாருங்கள். அங்கே அவர் அடுக்கிச் சொல்வது தம் பாவங்களையன்று. தம் குலத்தை, கோத்திரத்தை, பெஞ்சமின் வம்சத்தில் பிறந்த பெருமையை! கிறிஸ்துவுக்காக அவர் குப்பையென ஒதுக்கியது பிறப்பின் மேன்மையைத்தான். அதை எழுதிய இடமும் சிறைச்சாலை. கையில் விலங்கு பூண்டிருந்தவர், உள்ளத்து விலங்கைக் கழற்றிவிட்டார்.

இறந்தகாலத்தை விடுவது என்றால் முன்னோரை மறப்பதன்று. சேந்தமங்கலத்துப் பாதையில் கால் தேய நடந்த சுவாமிகளை நாம் நன்றியோடு நினைப்போம். அவர் விடச் சொல்லாமல் விட்டதை நாம் விடுவோம். பந்தியிலும் கல்லறையிலும், சம்பந்தம் பேசும் திண்ணையிலும், ஒருவரை ஒருவர் எக்குலம் என்று கேளாத நாளே நமக்கு மெய்யான யூபிலி நாள். அந்நாளின் எக்காளம் நம் பங்கில் முழங்க, எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவாராக.